தெருவுக்கு ஒரு நோயாளி

நோயாளிகளில் எத்தனையோ ரகம் உண்டு. ஒரு தும்மல் போட்டதும் உயில் எழுதக் காகிதம் கேட்கிறவர் உண்டு. மருந்தை வாங்கி அலமாரியில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே குணமாகிறவர் உண்டு. டாக்டர் சொன்னதை நாட்டு வைத்தியரிடமும், நாட்டு வைத்தியர் சொன்னதை டாக்டரிடமும் போய்ச் சொல்லி, இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவரும் உண்டு. இவர்களையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். நாம் பேசப்போவது இன்னொரு ரகம். இவர் ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போவார்; பெஞ்சில் முதல் ஆளாக உட்காருவார்; நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவார்; மருந்தும் வாங்கி வருவார். நோய் மட்டும் அவருடையதாக இருக்காது. ஊராருக்காகத் தான் நோய்ப்பட்டு, ஊராருக்காகத் தான் இருமிக் காட்டுகிற இந்தப் புண்ணியவானுக்குப் பதில் நோயாளி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த ரகத்தில் சுத்தமான வார்ப்பு வேண்டுமென்றால், புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வாருங்கள். அதோ, கறுப்புக் கோட்டும் முழுக்கால் பூட்ஸுமாக, கையில் துணிப் பை ஆட, பைக்குள் பாட்டில்கள் கிணுகிணுக்க நடக்கிறாரே, அவர்தான் சகாயநாதன், பிரெஞ்சு மரியாதையில் முசே சகாயநாதன். பிரெஞ்சுத் துரைத்தனத்து ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷம் நகல் எழுதி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தெட்டு. ஓய்வு என்பது உட்கார்ந்திருப்பது என்று எவனோ சொல்லியிருக்கிறான். அவன் சகாயநாதனைப் பார்த்ததில்லை.

இவருக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், அதில் தர்ம ஆஸ்பத்திரியின் பங்கும் கொஞ்சம் உண்டு. அங்கே செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழிலிருந்து பத்து வரை இலவச மருந்து. பாட்டிலை நாமே கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பக்கிரி அதில் மருந்தை ஊற்றி, பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. யார் பெயரில் சீட்டு இருக்கிறதோ அவர் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் மருந்து. அதிலும் ஒரு தடவைக்கு ஒரு வியாதிதான். முத்தியால்பேட்டையில் காலை ஏழிலிருந்து பத்து வரை சும்மா இருக்கிற மனிதர் யார்? பஞ்சாலைக்காரன் பஞ்சாலையில் இருப்பான். ஆப்பக்கடைக்காரி அடுப்பில் இருப்பாள். மீன்காரி வரலட்சுமி பெரிய மார்க்கெட்டில் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருப்பாள்.

"நான் போயி அந்த பெஞ்சுல குந்திகினு இருந்தன்னா, முசே, எனக்கு முன்னாடி என் வஞ்சிரம் செத்துப்பூடும்" என்பாள் வரலட்சுமி.

"அது ஏற்கெனவே செத்ததுதானே!"

"செத்துது தெரியாம இருக்கணுமே, முசே!"

நேரம் கிடைத்தவர்களுக்கும் வாய் கிடைக்காது. பழைய டாக்டர் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகக் கேட்பார்; கேட்டதும் எல்லாருக்கும் வயிற்றுவலிகூட மறந்துபோகும். சகாயநாதனுக்கு மறக்காது. பிரெஞ்சு என்றால் அவருக்கு வெல்லம். ஆகவே தெருவே அவர் கையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டது.

சும்மா வாங்கி வருகிறவர் என்றா நினைத்தீர்கள்? தொழில் சுத்தம் வேண்டாமா? முதல் நாள் மாலையே நோயாளி வீட்டுக்குப் போய், எங்கே வலி, குத்துகிற வலியா, இழுக்கிற வலியா, சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்று குடைந்து கேட்பார். பிறகு வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை. பஞ்சாலைக் குப்பனுக்கு முதுகுப் பிடிப்பு என்றால் ஆஸ்பத்திரித் தெரு முனையிலிருந்தே குனிந்த முதுகோடு போவார். எதிரே வருகிறவர்கள் குடையை மடக்கி வழிவிடுவார்கள். மருந்தைக் கொண்டுவந்து கொடுக்கும்போது அளவும் அவரே சொல்வார். குழந்தை என்றால் அரைப் பல். ஒல்லியானவர்களுக்கு ஒரு பல். குண்டாக இருந்தால் ஒன்றரை. எந்த நோயானாலும் கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு, "எல்லாம் மிக்ரோப் பண்ற வேலை" என்று முடித்துவிடுவார். மிக்ரோப் என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். கால் சுளுக்குக்கும் அதுதான் காரணம் என்று அவர் சொன்னால், மறுத்துப் பேசப் பிரெஞ்சு தெரிந்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

பழைய டாக்டருக்குக் கண் மங்கல், காது மந்தம். தலை நிமிராமல் சொன்னதை எழுதிக்கொள்வார். இப்படி எழுதி எழுதி, முசே சகாயநாதனின் சீட்டு நிறைந்து, அதன் வாலில் இன்னொரு காகிதம் ஒட்டி, அதன் வாலில் இன்னொன்று ஒட்டி, மடித்துப் பையில் வைத்தால் கோட்டு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். அவருக்கு அதில் பெருமைதான். ஒரு தெருவின் நோவெல்லாம் தம் ஒருவர் பெயரில் இருக்கிறதே! எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவருடைய சொந்த நோவு மட்டும் அந்தச் சீட்டில் ஏறவே இல்லை. அதைப் பற்றி ஓயாமல் பேசியவர் ஒருவர் உண்டு. அவர் மனைவி ஆனந்தமேரி.

மூன்று மாதமாக மனிதருக்கு அடங்காத தாகம். ஒரு பானைத் தண்ணீர் காலையிலேயே காலி. இரவில் நாலு தடவை கொல்லைக்குப் போகிறார். கோட்டு தொளதொளவென்று தொங்குகிறது. போதாக்குறைக்கு, பூட்ஸ் கடித்த வலதுகால் கட்டைவிரல் புண் ஆறாமல், சுற்றிலும் கருநீலம் பாய்ந்து கிடக்கிறது. ஆனந்தமேரியின் அப்பாவுக்கு இப்படித்தான் ஒரு விரலில் ஆரம்பித்து முழங்கால்வரை எடுத்தார்கள். அதற்கு மேல் அவர் பிழைத்திருக்கவும் இல்லை.

"என்னாங்க, கொல்லையில நீங்க போற எடத்துல எறும்பு மொய்க்குது. பாத்தீங்களா?"

"வெயில் காலம். எறும்புக்கும் தாகமா இருக்கும்."

"மத்தவங்க போற எடத்துல மொய்க்கலியே!"

"அடி போடி, எனக்கு ஒடம்புச் சூடு. பானகம் ஒரு சொம்பு போடு, சரியாப்பூடும்" என்றார் சகாயநாதன். வெல்லம் தூக்கலாகப் போட்ட பானகம் தினம் இரண்டு சொம்பு உள்ளே போயிற்று.

அந்த வருஷம் பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். காரைக்காலிலிருந்து அல்போன்ஸ் என்று புது டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், ஆனந்தமேரி செவ்வாய்க்கிழமை காலை வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஊரு நோயெல்லாம் வேணாம். உங்க காலக் காட்டிட்டு வாங்க. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"சரி சரி, காட்டறேன்."

"சரி சரி வேணாம். சத்தியம்."

செய்தார். உண்மையாகவே மனதோடுதான் செய்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவில் பத்து அடி வைப்பதற்குள் தில்லையம்மாளின் வீடு வந்துவிட்டதே, என்ன செய்ய? ஆப்பக்கடை தில்லையம்மாள் வாசலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்து, மீன் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பாட்டில். இரண்டு வருஷமாக அவளுக்கு மூச்சிரைப்பு மருந்து வாங்கித் தருகிறவர் இவர்தான்.

"முசே... படுத்தாலே மூச்சு முட்டுது. ராவெல்லாம் குந்திகினே இருந்தன். காலு வேற பாருங்க, அமுக்குனா குழி வுழுது..."

"காலை விடு. மூச்சை மட்டும் சொல்லு. ஒரு தடவைக்கு ஒரு வியாதிதான்" என்றார் சகாயநாதன்.

பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு தடவைக்கு ஒரு வியாதி என்றால் தம் கால்விரல் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதுதான். மூன்று மாதம் இருந்த விரல் மூன்று நாள் இருக்காதா? மாதாவும் தில்லையம்மாளின் மூச்சை நேரில் பார்த்தால் ஒத்துக்கொள்வாள் என்று அவருக்குத் தோன்றிற்று.

டாக்டர் அல்போன்ஸ் முப்பத்தைந்து வயதுக்காரர். எழுதுவதற்கு முன்னால் முகத்தைப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது.

"உக்காருங்க, முசே. என்ன உடம்புக்கு?"

சகாயநாதன் மார்பைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி இறக்கி, ஒத்திகை பார்க்காமலே அன்று மிகப் பிரமாதமாக மூச்சு வாங்கினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து காற்றுக்கு வழிவிட்டார்கள். டாக்டர் குழாயைக் காதில் மாட்டி, மார்பில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார்.

"மூச்சு சுத்தமா இருக்கே?"

"உள்ள இருக்குதுங்க. வெளிய தெரியாது."

டாக்டர் சீட்டை வாங்கிப் பிரித்தார். அது மேசையைத் தாண்டி அவர் மடியில் விழுந்து, மடியைத் தாண்டித் தரைக்கு இறங்கியது. அவர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போனார்.

"ஜனவரியில மூட்டு வாதம். அதே மாசம் வயித்துப் பூச்சி. மார்ச்சுல ஈறு வீக்கம், எச்சில் வழியுது, பல் முளைக்கிற ஜுரம்." நிமிர்ந்து பார்த்தார். "இந்த வயசுலயா, முசே?"

"கடைவாய்ப் பல்லுங்க. கொஞ்சம் தாமதமாயிடுச்சு."

"ஏப்ரல்ல தினமும் காலையில குமட்டல். புளிப்பு மேல ஆசை." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சகாயநாதனின் வயிற்றை உற்றுப் பார்த்தார். "இது இப்ப எத்தனையாவது மாசம்?"

குப்பன் பெண்சாதி அன்று சொன்னதை அப்படியே ஒப்பித்தது இப்போதுதான் சகாயநாதனுக்கு உறைத்தது. கம்பவுண்டர் பக்கிரி மருந்து ஜன்னலுக்குப் பின்னால் திடீரென்று எதையோ தேடிக் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"முசே, இவ்வளவும் ஒரே ஆளுக்கு வந்திருந்தா உங்களை வெளிய விடறது தப்பு. இன்னிக்கே படுத்துடுங்க. ரத்தம், மூத்திரம் எல்லாத்தையும் சோதிப்போம். ஒண்ணும் தெரியலன்னா வயித்தைத் திறந்துதான் பாக்கணும்" என்றார் டாக்டர் நிதானமாக.

சகாயநாதனுக்கு வேர்த்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் சீட்டைக் கிழித்துவிடுவார். தில்லையம்மாளின் பாட்டில் காலியாகத் திரும்பும். அவள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நின்றது. பார்த்துச் சிரிக்காதீர்கள், ஒரு பாட்டில் மருந்துக்காகத் தன் வயிற்றைத் திறக்கச் சம்மதிக்கிறவனை அங்கே இங்கே தேடினாலும் காண முடியாது. சோதனையில் என்ன வந்துவிடப் போகிறது, நாம்தான் திடமாக இருக்கிறோமே, எல்லாம் சுத்தம் என்று சொல்லி மருந்தோடு அனுப்பிவிடுவார் என்று கணக்குப் போட்டு, "சோதிச்சுக்குங்க" என்றார்.

சின்னக் கண்ணாடிக் குழாயில் நீலமாக ஒரு திரவம். அதில் அவர் கொடுத்ததில் சில துளி. கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் புதுச் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. இவ்வளவு வண்ணம் தம்மால் உண்டாயிற்றே என்று சகாயநாதனுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"சர்க்கரை. ஏராளமா இருக்கு" என்றார் டாக்டர்.

"அது என்னுது இல்ல, முசே!"

பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பின்ன யாருது?"

யாருடையது? சகாயநாதன் அங்கேயே உட்கார்ந்து மனத்துக்குள் தெருவில் நடந்தார். முதல் வீட்டில் மூட்டுவாதம். அடுத்த வீட்டில் மூலம். குப்பன் வீட்டில் முதுகுப் பிடிப்பும் குமட்டலும். வரலட்சுமி வீட்டில் தோள்வலி. தில்லையம்மாள் வீட்டில் மூச்சு. இந்தப் பக்கம் பதினான்கு வீடு, அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு, ஒவ்வொரு படியாக ஏறிக் கேட்டு இறங்கினார். செங்கல் நிறத்துச் சர்க்கரைக்கு உரிமை கொண்டாட ஒருவர்கூட இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வீடு. அதன் வாசற்படியில் ஆனந்தமேரி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னுதுதான், முசே" என்றார் மிகச் சின்னக் குரலில்.

"பூட்ஸைக் கழட்டுங்க."

விரலைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் இருந்த குறும்பு போய்விட்டது. விரலருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். ஊசி முனையால் தொட்டார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க. வலியே இல்ல. அதனாலதான் சின்ன விஷயம்னு..."

"வலிக்காம இருக்குறதுதான், முசே, பெரிய விஷயம்" என்ற டாக்டர், பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினார். வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது. சாப்பிட்ட சர்க்கரையை உடம்பு எரித்துக்கொள்வதற்கு அது ஒரு சாறு தர வேண்டும். சாறு குறைந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிப்போகும், தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும், அதுதான் தாகம். நரம்பு மரத்துப்போகும், புண் ஆறாது. அந்தச் சாற்றை இப்போது மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்து இன்சுலின் என்று ஊசி மருந்தாக்கியிருக்கிறார்கள். "பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா நான் உங்களுக்கு ஜெபம்தான் சொல்லியிருப்பேன். இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா ரம்பத்தை எடுத்திருப்பேன். இன்னிக்கு வந்ததால ஊசி போதும். என்ன சாப்பிடறீங்க?"

"பானகம்..." என்று ஆரம்பித்து, டாக்டர் பார்த்த பார்வையில் பாதியில் விழுங்கினார்.

அதற்குப் பிறகு மனிதர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். குப்பன் முதுகு, கைக்குழந்தையின் பல், அரைப் பல், ஒன்றரைப் பல், கடைசியாகப் பையிலிருந்த பாட்டில். டாக்டர் திட்டவில்லை. "அந்தம்மாவைக் கூட்டிகினு வரச் சொல்லுங்க. நடக்க விடாதீங்க" என்று மட்டும் சொன்னார். பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற புஸ்புஸ் வண்டி ஒன்றில் தில்லையம்மாள் வந்து சேர்ந்தாள். கூடவே ஆனந்தமேரியும் வந்தாள்.

வராந்தாக் கட்டிலில் படுத்திருந்த சகாயநாதனுக்கு உள்ளே டாக்டர் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"படுத்தா முட்டுதா, உக்காந்தா தேவலையா?"

"ஆமாங்க."

"காலு எவ்வளவு நாளா வீங்குது?"

"ஒரு வருசமா. முசே கிட்ட சொன்னன். காலை வுடுன்னாரு."

"இது நெஞ்சுச் சளி இல்லம்மா. இருதயம் களைச்சுப் போயிருக்கு. அந்த மருந்தே வேற."

சகாயநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு வருஷம்! எவ்வளவு ஜோராக மூச்சு வாங்கிக் காட்டினார்! அவளுடைய மூச்சைச் சுமந்து போனவர், அவளுடைய காலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. தில்லையம்மாள் வெளியே வந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமலே, "மன்னிச்சுடு, தில்லையம்மா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அட வுடுங்க, முசே. வராத மூச்சை எனக்காக இழுத்துகினு திரிஞ்சது யாரு?" என்று அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "ஆனா உங்க மூச்சு என் மூச்சு மாதிரியே இல்லியாம். டாக்டரு சொல்றாரு."

ஆனந்தமேரி கட்டிலோரத்தில் உட்கார்ந்து, அவருடைய வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சத்தியத்தைப் பற்றி அவள் பிறகு பேசினாள். மூன்று நாள் பேசினாள்.

ஐந்து வாரம் ஊசியும், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டும் நடந்தன. நகம் போயிற்று. விரல் நின்றது, காலும் நின்றது. தில்லையம்மாளுக்குப் புது மருந்தில் கால் வடிந்து, படுத்துத் தூங்க முடிந்தது. டாக்டர் அல்போன்ஸ் வெள்ளிக்கிழமை மருந்தை மாலை நான்கு மணிக்கு மாற்றிவிட்டதால், இப்போது முத்தியால்பேட்டைக்காரர்கள் அவரவர் வியாதியை அவரவரே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வரலட்சுமி காலிக் கூடையோடு நேரே மார்க்கெட்டிலிருந்து வந்து உட்கார, பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைக்கிறது. சகாயநாதனுக்குப் புதுச் சீட்டு. அதில் ஒரே வியாதி. அதைப் பார்க்கும்போது அவருக்குச் சொத்தெல்லாம் போனதுபோல இருக்கிறதாம்.

ரகம் மட்டும் எங்கே போகும்? ஆறாவது வாரம் டாக்டர் கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே முசே சகாயநாதன், "முசே, நம்ம கம்பவுண்டர் பக்கிரி அடிக்கடி தண்ணி குடிக்கிறாரு, கவனிச்சீங்களா?" என்று காதோடு கேட்டாராம். ஆனந்தமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

போகட்டும், அவரை விடுங்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். நடுவில் நாலு இடத்திலாவது சிரித்திருப்பீர்கள். படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்திருக்குமே? உங்கள் பெரியப்பா, அல்லது ஆபீசில் எதிர் மேசைக்காரர், அல்லது தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டம்மாள். "இதை அவர் கட்டாயம் படிக்கணும்" என்று பக்கத்தின் மூலையை மடிக்கக்கூடக் கை போயிருக்கும். போயிற்றா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கென்று கலந்து கொடுத்த மருந்தை அடுத்தவருக்கு வாங்கிக்கொண்டு கிளம்புகிறீர்களே, உங்கள் நாக்கை எப்போது நீட்டப் போகிறீர்கள்?